அக்காவின் கிட்டாரில் இரைச்சல் அடங்கிய கதை

அக்காவின் மின்சாரக் கிட்டார் நல்ல சிவப்பு. கண்டி ஹோட்டல்களில் நெடுங்காலம் வாசித்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் குடியேறப் புறப்பட்ட ஒரு பறங்கியர் விற்றுவிட்டுப் போன சாமான்களில் அதுவும் ஒன்று. ஒரு சின்ன அம்ப்ளிஃபயரையும் சேர்த்தே கொடுத்தார். அக்கா அப்போது கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பாடகர் குழுவுக்குச் சாதாரண மரக் கிட்டார் வாசிப்பாள். சிவப்புக் கிட்டார் வந்த நாளிலிருந்து எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாங்கள் சாப்பிடும்போதும் அது அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் சாய்ந்துகொண்டிருக்கும்.

அதற்கு ஒரு வியாதி இருந்தது. மின்சாரத்தில் செருகியதும் இரையத் தொடங்கிவிடும். பெருக்கெடுத்த மகாவலி தூரத்தில் போவது போல ஓர் அடிக்குரல். குழல் விளக்கைப் போட்டால் அந்தக் குரலோடு ஒரு வண்டும் சேர்ந்துகொள்ளும். சத்தத்தைக் கூட்டினால், கம்பியைத் தொடாமலே 'கீ' என்று கத்தும்.

"இது பாடுதா, இல்ல நம்மள ஏசுதா?" என்று அம்மா கேட்பார். அம்மா வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அந்தக் கத்தலில் கை ஆடித் தையல் கோணிய நாட்கள் உண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை செய்தேன். எரிந்துபோன தண்ணீர்ப் பம்புகள், மின்விசிறிகள், மா அரைக்கும் இயந்திரங்கள் எல்லாம் எங்களிடம் வரும். உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பது வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தபோது, ஒரு மாதம் பார்க்கலாம் என்று போனேன். பிறகு வெளியே வர மனமில்லை. கடையில் நான் ஒருத்திதான் பெண். திகனயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் எங்கள் முதலாளி, வருகிறவர்களிடம், "நுணுக்கமான சாமானெல்லாம் இந்தப் புள்ளட கைக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்வார்.

கிட்டாரை நான் ஏன் அதுவரை கழற்றிப் பார்க்கவில்லை என்று கேட்டால், அக்கா விடவில்லை. மோட்டாரும் இசையும் வேறு வேறு சாதி என்பது அவளுடைய எண்ணம்.

அந்த எண்ணம் ஒரு சனிக்கிழமை உடைந்தது.

கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு வீட்டுக் கராஜில் ஒரு கல்யாண இசைக்குழு ஒத்திகை பார்க்கும். தமிழ், சிங்களம், ஆடவைக்கிற பைலாப் பாட்டுகள் எல்லாம் வாசிக்கிற குழு. அவர்களுடைய கிட்டார்காரருக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு பெரிய கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஆள் தேடுகிறார்கள் என்று புடவைக் கடைக்கு வந்த ஒருவர் மூலம் அக்கா கேள்விப்பட்டாள். துணைக்கு நானும் போனேன்.

குழுத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். கீபோர்ட் வாசிப்பவர். உயரமாக, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட வாத்தியாரைப் போல இருந்தார். அக்கா செருகியதுமே அந்த இரைச்சல் கராஜை நிறைத்தது. அவள் பொருட்படுத்தாமல் வாசித்தாள். முதல் பாட்டிலேயே டிரம்ஸ்காரர் தலையை ஆட்டத் தொடங்கினார். இரண்டாவது பாட்டில், அவள் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்ததும், தலைவர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினாள். கிட்டார் 'கீ' என்று கத்தியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பேஸ் கிட்டார் வாசித்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

"தங்கச்சி, உங்கட கையில ஒரு பிழையும் சொல்லேலாது. நான் வடிவாக் கேட்டனான். ஆனா இந்தக் கிற்றாரோட கலியாண மேடையில ஏறேலாது. சனம் எழும்பி ஓடும்."

"வேற கிட்டார் இல்லைங்க" என்றாள் அக்கா.

"ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாங்கோ. ரெண்டு கிழமை பாப்பம். இல்லாட்டி நாங்கள் வேற ஆளைத்தான் பாக்க வேணும். குறை நினைக்காதைங்கோ."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே அக்காவுக்கு அதிகம் வலித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் ஏறும்போது திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"நீ கழட்டிப் பாரு."

"நெசமாவா?"

"ஒடைச்சிராத."

"ஒடஞ்சத ஒட்டுறதுதானே என் தொழிலு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பிகளைத் தளர்த்தி, அம்மாவின் வெட்டு மேசையில் கிட்டாரைக் கிடத்தினேன். கம்பிகளுக்குக் கீழே பளபளவென்று இரண்டு உலோகப் பெட்டிகள். அவற்றைத்தான் பிக்கப் என்பார்கள் என்று அக்கா சொன்னாள். ஒன்று கழுத்துப் பக்கம், ஒன்று அடிப்பக்கம். அடிப்பக்கத்துப் பிக்கப்பின் மூடியில் இருந்த ஈயப் பற்றை உருக்கி, மெல்ல நெம்பித் தூக்கினேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒரு காயில்! ஆறு இரும்புக் குச்சிகள், அவற்றைச் சுற்றி செம்புக் கம்பி, அடியில் ஒரு சட்டக் காந்தம். நான் தினமும் கடையில் செய்கிற சாமானின் குட்டி. மோட்டாரில் மின்சாரம் உள்ளே போய் ஆட்டம் வெளியே வருகிறது. இதில் மேலே கிட்டார்க் கம்பி ஆட, அந்த ஆட்டம் மின்சாரமாகி வெளியே போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா பயந்துகொண்டிருந்த அந்த வேறு சாதி எங்கள் சொந்தக்காரன்தான்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்துக் காயில் செத்துக் கிடந்தது. எங்கோ உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அக்கா இத்தனை நாளும் கழுத்துப் பக்கத்து ஒற்றைப் பிக்கப்பில்தான் வாசித்திருக்கிறாள்.

"ஒத்தக் கால்லதான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கு" என்றேன். அக்கா குனிந்து, அந்தச் செத்த காயிலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

காயிலின் கம்பி தலைமுடியைவிட மெலிசு. எங்கள் கடையில் அந்த அளவு கிடையாது. திங்கட்கிழமை முதலாளி கொழும்புக்குக் கம்பி வாங்கப் புறப்பட்டபோது, ஒரு துண்டைத் தாளில் ஒட்டிக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, முடியா? இதக் கொண்டு ஃபேன் சுத்தேலாதே."

"ஃபேனுக்கு இல்லைங்க முதலாளி. அக்காட கிட்டாருக்கு."

"கிட்டாருக்குள்ளயும் காயில் ஈக்கா?" என்று வாயைப் பிளந்தார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன உருளை இருந்தது. "நாலு கடை ஏறி இறங்கினேன். சுத்தி முடிச்சா எனக்கும் ஒருக்காக் காட்டோணும்" என்றார்.

கடையில் இருந்த சுற்றும் இயந்திரத்துக்கு அந்தக் கம்பி தாங்கவில்லை. தொட்டதும் அறுந்தது. கடைசியில் அம்மாவின் தையல் மெசினில்தான் வழி கிடைத்தது. அதில் நூல் உருளை சுற்றுகிற சின்னச் சக்கரம் இருக்கும். அதில் காயில் கட்டையைப் பொருத்தினேன். அம்மா கைப்பிடியை மெதுவாகச் சுற்ற, நான் இரண்டு விரல்களுக்கிடையே கம்பியை விட்டுக்கொண்டிருந்தேன்.

"பிளவுஸ் தைக்கிற மெசினுல கரண்டு சுத்துற குடும்பம் உலகத்துல நம்ம ஒண்ணுதான்" என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் அவர் கையைப் போலச் சீரான கை வேறு யாருக்கும் வராது. அறுந்தபோதெல்லாம் முதலிலிருந்து தொடங்கினோம். அம்மா ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

சுற்றத் தொடங்கும் முன்பே எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? சுவரில் ஓடுகிற மின்சாரத்திலிருந்தும் விளக்கிலிருந்தும் வருகிறது. காயில் அதையும் பிடித்து அம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு காயில்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி ஒன்றாக இணைத்தால், ஒன்று பிடிப்பதை மற்றது அழித்துவிடும். எப்படியும் ஒன்றைப் புதிதாகச் சுற்றப் போகிறேன். அதை ஏன் மறுபக்கமாகச் சுற்றக் கூடாது?

மறுபக்கமாகவே சுற்றினேன். இரண்டு காயில்களுக்கும் மீட்டர் ஒரே அளவைக் காட்டும்வரை சுற்றினேன். பொருத்தி, இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வேலை செய்ய வைத்து, அம்ப்ளிஃபயரைப் போட்டோம். குழல் விளக்கையும் வேண்டுமென்றே போட்டோம்.

இரைச்சல் இல்லை. ஆறும் இல்லை, வண்டும் இல்லை. அம்மா அம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்து, "கரண்டு இருக்குதா?" என்று கேட்டார்.

நான் துள்ளினேன். அக்கா ஆசையோடு கம்பிகளை மீட்டினாள்.

'டிங்' என்றது. டப்பாவைத் தட்டினது போல ஒரு மெலிந்த, மூக்கால் பேசுகிற சத்தம். அவள் பலமாக மீட்டினாள். அதே 'டிங்'.

"இரைச்சலோட பாட்டையும் சேத்துத் தொரத்திட்டியே" என்றாள். அழுகிற நிலையில் இருந்தாள்.

அந்த ஞாயிறு பூசையில் எனக்குப் பிரசங்கம் ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை. பீடத்தைப் பார்த்துக்கொண்டு காயிலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால் இரைச்சல் அழிந்தது சரி. அதே காரணத்தால் கிட்டார்க் கம்பியின் குரலும் அழிந்துவிட்டது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது, அதற்குக் காந்தம் தேவையில்லை. கம்பியின் குரல் மட்டும்தான் காந்தத்தால் பிறக்கிறது. அப்படியானால் புதுக் காயிலின் காந்தத்தைத் திருப்பிப் போட்டால்? இரைச்சலுக்கு அது தெரியவே தெரியாது. கம்பியின் குரல் மட்டும் இன்னொரு தரம் திரும்பும். இரண்டு தரம் திரும்பினால் நேராகிவிடும்!

பூசை முடிந்து எல்லாரும் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருக்க, நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடேயே பிக்கப்பைக் கழற்றி, அடியிலிருந்த சட்டக் காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பிச் செருகினேன்.

அக்கா கழுத்தில் பட்டியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மீட்டினாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? பழுத்த பலாப்பழத்தைப் பிளந்ததும் வருகிற வாசனை மாதிரி அறை முழுவதும் நிறைந்தது. அடிக்கம்பி கனமாக உறுமியது, மேற்கம்பி கணீரென்று நின்றது. அவள் கம்பிகளைக் கையால் அமர்த்தியதும் சுத்தமான அமைதி. மறுபடி மீட்டினாள். மறுபடி அமைதி. அந்த அமைதிக்காகவே திரும்பத் திரும்ப அமர்த்தினாள். பிறகு கிட்டாரோடேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். கம்பி முறுக்கும் சாவி ஒன்று என் விலாவில் குத்தியது. அந்தக் குத்தலும் அன்று இனித்தது.

ஆனால் 'கீ' என்ற கத்தல் இன்னும் இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் அது எழும்பும். அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. மோட்டாரில் கம்பி தளர்வாக இருந்தால் அது அதிர்ந்து ஓலமிடும். அதனால்தான் சுற்றி முடித்த காயிலை வார்னிஷில் முக்கிக் காயவைக்கிறோம். பிக்கப்பிலும் கம்பி தளர்ந்திருக்கிறது, மூடியும் ஆடுகிறது. பலத்த சத்தத்தில் இரண்டும் அதிர்ந்து, அந்த அதிர்வையே மறுபடி பிக்கப் பிடித்து அனுப்புகிறது. வார்னிஷில் முக்கினால் பிறகு ஒருநாளும் பிரிக்க முடியாது. ஆகவே மெழுகு. கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை அக்கா பங்குச் சுவாமியிடம் கேட்டு ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் மெழுகை உருக்கினேன். காயில்களை முக்கியதும் உள்ளேயிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. குமிழி நின்றதும் எடுத்து ஆறவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கிட்டார் கத்தவே இல்லை.

மிச்சம் இருந்தது மூடி. இதைச் சொன்னால் கிட்டார் வாசிக்காதவர்கள் நம்புவதில்லை. பிக்கப்பின் மூடி எந்த உலோகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் குரலே மாறிவிடும்.

மூடி இல்லாமல் வாசித்தபோது கிட்டாரின் குரல் திறந்து, துலங்கி, பளிச்சென்று இருந்தது. ஆனால் அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்ததும் ஒரு சின்னச் சலசலப்பு எட்டிப் பார்த்தது. பழைய மூடியைப் போட்டால் சலசலப்பு போய்விடும், ஆனால் குரலும் மங்கிவிடும். சுரண்டிப் பார்த்தேன். மேலே குரோம், உள்ளே தடித்த பித்தளை.

"அப்ப வேற வேற மூடி போட்டுப் பாப்போம்" என்றாள் அக்கா. இப்போது அவளுக்கு என்னைவிட வெறி ஏறியிருந்தது.

பால்மா டின்னை வெட்டி ஒரு மூடி செய்தேன். அது காந்தத்தில் 'டக்' என்று போய் ஒட்டிக்கொண்டு, கம்பிக்குப் போக வேண்டிய சக்தியைத் தானே குடித்துவிட்டது. கிட்டார் காய்ச்சல்காரனைப் போல முனகியது. சவர்க்காரப் பெட்டியை அறுத்து ஒரு பிளாஸ்டிக் மூடி செய்தேன். குரல் நன்றாக இருந்தது, ஆனால் சலசலப்பைத் தடுக்கவில்லை.

அப்போது அக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. கண்டிய நடனக்காரர்கள் அணிகிற மலிவான ஆபரணங்கள் செய்யும் ஒரு பட்டறை அவளுடைய புடவைக் கடைக்குப் பின்னால் சந்தில் இருந்தது. அங்கே ஜெர்மன் சில்வர் என்று ஓர் உலோகம் வைத்திருப்பார்கள். பார்க்க வெள்ளி போல இருக்கும், உண்மையில் வெள்ளி துளியும் இல்லை, காந்தத்திலும் ஒட்டாது. பட்டறைக்காரர் சிங்களவர். அக்கா சிங்களத்தில் விளக்கினாள். அவர் பழைய மூடியை வாங்கி உருட்டிப் பார்த்து, எவ்வளவு மெல்லியதாக வேண்டும் என்று கேட்டார். முடிந்தவரை மெல்லியதாக என்று நான் சொன்னேன். நடனக்காரரின் நெற்றிப்பட்டத்துக்குத் தட்டுகிற அதே தகட்டைத் தட்டி, இரண்டு மூடிகள் செய்து, ஓரத்தில் யாரும் கேட்காமலே ஒரு சின்னக் கொடி வேலைப்பாடும் செதுக்கிக் கொடுத்தார்.

எது சிறந்தது என்று எங்களுக்கே தெரியும் என்றாலும், நாங்கள் இருவரும் ஆசையில் கேட்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் அம்மாவுக்குப் பரீட்சை வைத்தோம். கதவு மறைப்புச் சீலைக்குப் பின்னால் அக்கா. நான் மூடிகளை மாற்றி மாற்றிப் போடுவேன். முன்னறையில் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்து அம்மா கேட்க வேண்டும். எந்த மூடி என்று அவருக்குத் தெரியாது.

"எனக்கு என்னா தெரியும் இதெல்லாம்" என்றுதான் தொடங்கினார்.

பித்தளைக்கு, "போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் பேசுது" என்றார். டின்னுக்கு, "இதுக்கு மொதல்ல கஞ்சி குடுங்க." மூடி இல்லாததற்கு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா முந்தானைய விட்டுட்டு ஓடி வந்த மாதிரி." ஜெர்மன் சில்வரை மாட்டி வாசித்ததும் தலையை நிமிர்த்தினார். தையல் மெசினும் நின்றது.

"அம்மா?"

"இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லு" என்றார். "இதுதான் அவ கொரலு."

வரிசையை மாற்றிக் குழப்பிப் பார்த்தோம். எத்தனை தடவை மாற்றினாலும் அம்மா அதையே பிடித்தார். நாங்கள் தோற்கடிக்கப் பார்த்தது அவருக்குப் புரிந்ததும், "என்ன, என் காதையா சோதிக்கிறீங்க?" என்று கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டினார்.

கராஜ் ஒத்திகைக்குத் திரும்பிப் போகும்போது அக்கா அதே சிவப்புக் கிட்டாரைத்தான் கொண்டு போனாள். தலைவர் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். அக்கா ஒரு பாட்டு வாசித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்க திருத்தினனீங்கள்? கொழும்பிலயோ?" என்று கேட்டார்.

"கட்டுகஸ்தோட்டைலங்க. இவதான்" என்று அக்கா என்னைக் காட்டினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப கலியாணத்துக்கு ரெண்டு பேரும் வாங்கோ" என்றார்.

உண்மையான வெற்றி அந்தக் கல்யாணத்தில்தான் இருந்தது. கண்டி நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபம். பகல் விருந்து. கூரையிலிருந்து தொங்குகிற கண்ணாடி விளக்குகள், அவற்றைக் கூட்டிக் குறைக்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விசைப் பெட்டி. விருந்தாளிகள் வரும் முன்பே குழுவினர் கருவிகளைச் செருகிப் பார்த்தார்கள். விளக்கைக் கொஞ்சம் குறைத்ததும் பேஸ் கிட்டார் 'ஸ்ர்ர்ர்' என்று கறுவத் தொடங்கியது. அதை வாசிப்பவர் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்து பார்த்தார், திரும்பி நின்று பார்த்தார், கருவியைத் தட்டியும் பார்த்தார். அது விடவில்லை.

பின்னால் நின்ற ஒலிபெருக்கிக்காரர் ஒவ்வொன்றாகச் சத்தத்தை ஏற்றிப் பார்த்தார். அக்காவின் முறை வந்ததும் ஏற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஏற்றினார்.

"கிட்டார் வயர் கழண்டிருக்கு!" என்று சத்தம் போட்டார்.

"இல்லை" என்றாள் அக்கா.

"அப்ப ஓஃப்ல இருக்கு. ஒண்ணுமே வரல்லையே!"

தலைவரும் பதறிப்போய்க் கீபோர்டிலிருந்து எழும்பினார். "தங்கச்சி, நல்லாப் பாருங்கோ, எங்கயோ கழண்டிட்டுது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் வலக்கையை உயர்த்தி ஒரேயொரு தடவை மீட்டினாள்.

மண்டபமே அதிர்ந்தது. மேசையில் கண்ணாடிக் குவளைகள் அடுக்கிக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே நின்றார்கள். ஒலிபெருக்கிக்காரர் பாய்ந்து விசையைக் குறைத்தார். அக்கா கம்பிகளை அமர்த்தினாள். மறுபடியும் ஒன்றுமே இல்லை. பேஸ் கிட்டார் மட்டும் தன்பாட்டில் கறுவிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தவர் தலைவர்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் மேடைக்கே ஏறி வந்து, கிட்டாரின் மூடிகளைக் குனிந்து பார்த்து, "இது எந்த நாட்டுச் சாமான்?" என்று கேட்டார். பதில் சொல்லும் சந்தோஷத்தை அக்கா எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

அன்று அவள் வாசித்ததை நான் விருந்தாளிகளோடு நின்று கேட்டேன். பைலா வந்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் கோட்டைக் கழற்றிவிட்டு ஆடினார். மெதுவான தமிழ்ப் பாட்டுக்கு நடுவில் அவள் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. ஒரு சுரத்தை எடுத்து நீட்டி, அது தேயத் தேய விட்டு, முழுதாக அடங்கும்வரை காத்திருந்தாள். இரைச்சலுள்ள கிட்டாரில் அப்படிக் காத்திருக்க முடியாது. அத்தனை பெரிய மண்டபத்தில் அந்தச் சுரத்தின் வால் நுனிவரைக்கும் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கையில் எடுத்த கேக்கை வாயில் வைக்காமலே நின்றார்.

அடுத்த கிழமையே பேஸ் கிட்டார் என் மேசைக்கு வந்தது. அதற்கடுத்து கம்பளையிலிருந்து ஒருவர் வந்தார், பிறகு கெலிஓயாவிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். முதலாளி கடையின் ஒரு மூலையை எனக்கென்று ஒதுக்கி, வாசலில் மோட்டார், ஃபேன், பம்ப் என்று எழுதியிருந்த பலகையில் கடைசியாகக் கிட்டார் என்றும் எழுதுவித்தார். தெருவில் போகிறவர்கள் நின்று வாசித்துச் சிரிப்பார்கள். "சிரிக்கிறவன் எல்லாம் நாளைக்குத் தூக்கிட்டு வருவான், பாருங்க" என்று அவர் சொல்வார்.

சில வருடங்களுக்குப் பிறகு, கொழும்பிலிருந்து பெயர் பெற்ற ஒரு வாத்தியக்காரர் காரில் வந்து இறங்கினார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிக்கப் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். இதைப்போலவே இன்னொன்று சுற்ற முடியுமா என்பது அவருடைய கேள்வி. முடியாது என்று நான் சொன்னேன். "அதே போல வேணும்னா அதையே வாங்குங்க. எங்கட மாதிரி வேணும்னா சுத்தித் தாறேன்." அவர் கொஞ்சம் யோசித்து, சரி என்றார். சுற்றி, மெழுகில் முக்கி, பட்டறைக்காரரின் மூடி போட்டு வைத்தேன். அவர் திரும்பி வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தச் சொல்லி, எது எது என்று பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்று வாசித்தார். அவர் கடைசியாகக் கையைக் காட்டி, "இது இருக்கட்டும்" என்று சொன்னது என்னுடையதை. தெரிந்ததும் அவருக்கே நம்ப முடியவில்லை. வெளிநாட்டுப் பிக்கப்பை அவர் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதை நான் பிரித்துப் பார்த்தேன். நல்ல வேலைதான். ஒளிக்காமல் சொல்வேன், அதைச் சுற்றியது பெண்ணோ ஆணோ, யாராக இருந்தாலும் தேர்ந்த கை.

இப்போது எனக்குத் தெருவோரம் ஒரு கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக ஓர் அறை இருக்கிறது. போன மாதம் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையிலிருந்து அவர்களுடைய வாத்தியக் குழுவின் கிட்டார்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் புதிதாகச் சுற்றி, மூடி போட்டு, சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். சரிபார்க்க அக்கா வந்தாள். அவள் இன்றைக்கும் மேடை ஏறுகிறவள். ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி, மீட்டி, அமர்த்தி, தலையாட்டி, அடுத்ததை எடுத்தாள். கடைசிக் கிட்டாரை மட்டும் அவள் கீழே வைக்கவில்லை. பாட்டொன்றைத் தொடங்கிவிட்டாள். ஜன்னல் திறந்திருந்தது. கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கீழ்க்கடைக்காரர் வெளியே வந்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் கூட்டி வாசிங்க மிஸ்" என்றார் அவர்.

அக்கா கூட்டினாள்.